மன்னன் வந்தாள்: எகிப்தில் ஆறு நாள்

முதல் நாள், கெய்ரோ

நேற்று நள்ளிரவு வந்து இறங்கினோம், சித்தியும் நானும். சித்தி முப்பது வருடம் பள்ளியில் வரலாறு நடத்தியவர். எகிப்து பாடம் என்றால் பிரமிடு, நைல், மம்மி என்று மூன்றே பக்கத்தில் முடிந்துவிடும். எகிப்தை மன்னனாக ஆண்ட ஹத்ஷெப்சுத் என்ற பெண்ணின் பெயர் அதில் ஒரு வரிகூட வராது. அது அவருக்குத் தீராத குறை. ஓய்வு பெற்றதும், "நேர்ல போய்ப் பாத்துட்டு வந்துரலாமாடி?" என்றார். அதனால் இந்தப் பயணத்தில் பிரமிடுக்கு ஒரு மதியம்தான். மற்ற நாளெல்லாம் அந்த ஒருத்திக்கு.

தஹ்ரீர் சதுக்க அருங்காட்சியகத்தில் முதல் வேலையாக அவள் முகத்தைத் தேடிப் போனோம். சுண்ணாம்புக்கல்லில் செதுக்கி வண்ணம் பூசிய தலை. அவள் கோயிலில் வரிசையாக நின்ற பெரிய சிலைகளில் ஒன்றிலிருந்து உடைந்து வந்தது. மெல்லிய மூக்கு, அகலமான கண், மோவாயில் தாடி. சித்தி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார். "முகம் பொண்ணு முகம்தான். தாடிதான் ஒட்டவச்ச மாதிரி இருக்கு." அப்படித்தான். ஆண் மன்னர்களுக்கும் அது ஒட்டுத்தாடிதான், செங்கோல் மாதிரி ஓர் அரசச் சின்னம்.

நிறத்தையும் கவனிக்க வேண்டும். எகிப்திய ஓவியங்களில் பெண்ணுக்கு மஞ்சள், ஆணுக்குச் செம்பழுப்பு. இந்த முகம் இரண்டுக்கும் நடுவே நிற்கிறது.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முதலாம் துத்மோஸ் மன்னனுக்கும் பட்டத்தரசி அஹ்மோஸுக்கும் பிறந்த மகள் ஹத்ஷெப்சுத். அரச வழக்கப்படி வேறு தாய் வயிற்றுச் சகோதரன் இரண்டாம் துத்மோஸை மணந்தாள். அவர்களுக்கு நெஃபெருரே என்று ஒரு மகள். ஆண் வாரிசு இன்னொரு மனைவியான இசிஸுக்குப் பிறந்தது. கி.மு. 1479 வாக்கில் கணவன் இறந்தபோது அந்தப் பையன், மூன்றாம் துத்மோஸ், சின்னக் குழந்தை. அவனுக்காக ஆட்சியைப் பார்த்துக்கொள்ள வந்தவள் சில ஆண்டுகளில் தானே மன்னனாக முடிசூடிக்கொண்டாள்.

ஒரு பிள்ளையின் அரியணையைப் பறித்தவள் 20 ஆண்டுக்கும் மேல் எப்படிக் கலகமில்லாமல் ஆண்டாள்? அந்தக் கேள்வியோடுதான் நாளைக்குத் தெற்கே போகிறோம்.

இரண்டாம் நாள், அஸ்வான்

காலை விமானத்தில் அஸ்வான். வெயில் பத்து மணிக்கே மண்டையைப் பிளந்தது. நேராகக் கல் குவாரிக்குப் போனோம்.

செதுக்கி முடிக்காத ஒபெலிஸ்க், அதாவது கோயில் முன் நிறுத்தும் ஒற்றைக்கல் தூண், அங்கே படுத்துக் கிடக்கிறது. நீளம் கிட்டத்தட்ட 42 மீட்டர். எழுந்து நின்றிருந்தால் எடை ஆயிரம் டன்னைத் தாண்டியிருக்கும். இதை வெட்டச் சொன்னவள் ஹத்ஷெப்சுத் என்றே பெரும்பாலும் சொல்கிறார்கள். பாதி வேலையில் பாறை விரிசல் விட்டதால் அப்படியே விட்டுவிட்டார்கள். சுற்றிலும் ஓர் ஆள் நுழையும் அகலத்துக்குப் பள்ளம். அதன் சுவரைத் தொட்டுப் பார்த்தேன். கரண்டியால் தயிர் அள்ளிய மாதிரி குழி குழியாக, மேலிருந்து கீழே வரிசை வரிசையாக இறங்குகிறது. உளி பட்ட தழும்பு இல்லை. கிரானைட்டை வெட்ட அவர்களிடம் இரும்பு கிடையாது. டோலரைட் என்னும் கடினமான கல்லை உருண்டையாக எடுத்து இரண்டு கையாலும் பிடித்து இடித்திருக்கிறார்கள். உரலில் இடிப்பது போலத்தான், நாள் முழுக்க, மாதக்கணக்கில். அப்படியோர் உருண்டை அங்கேயே கிடந்தது. சித்தி தூக்கிப் பார்த்துவிட்டு உடனே கீழே வைத்துவிட்டார்.

இந்த ஊரில் எனக்குப் பெரிதாகப் பட்டது வேறொன்று. அஸ்வான் பாறையொன்றில் செனென்முத் என்னும் அதிகாரி ஒரு பொறிப்பு வைத்துவிட்டுப் போயிருக்கிறான். அரசிக்காக இரண்டு ஒபெலிஸ்குகளை வெட்டி எடுக்க வந்ததைச் சொல்லும் பொறிப்பு அது. அதில் ஹத்ஷெப்சுத் இன்னும் மன்னன் இல்லை. அரசனின் பட்டத்து மனைவி, அமுன் கடவுளின் தேவபத்தினி என்ற பழைய பட்டங்கள்தான் இருக்கின்றன. ஆனால் ஒபெலிஸ்க் நிறுத்துவது மன்னனுக்கு உரிய காரியம். ஆக, கிரீடம் தலைக்கு வருமுன்பே மன்னன் செய்கிற காரியத்தை அவள் தொடங்கிவிட்டாள். இதைப் படித்ததிலிருந்து வேறெதுவும் ஓடவில்லை.

மாலை ரயிலில் லக்ஸர். வழியெல்லாம் கரும்புக் காடு.

மூன்றாம் நாள், கர்னக்

முதல் நாள் 'பறித்தவள்' என்று எழுதினேன். இன்று அந்தச் சொல்லைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

கர்னக், அமுன் கடவுளின் தலைமைக் கோயில். உள்ளே நடந்துகொண்டே இருக்கலாம், முடியாது. எங்கள் வழிகாட்டி ஓர் இளம்பெண், லக்ஸர்க்காரி. சித்தி ஆசிரியை என்று தெரிந்ததும், முதலில் ஒரு பாடம் எடுக்கிறேன் என்று சொல்லி மண்ணில் குச்சியால் மூன்று சித்திரம் வரைந்தாள். ஒரு சூரிய வட்டம். தலையில் இறகு செருகி உட்கார்ந்திருக்கும் மாத் தேவி. மேலே தூக்கிய இரண்டு கைகள். மாத்காரே. ஹத்ஷெப்சுத் முடிசூடியபோது வைத்துக்கொண்ட பெயர். மாத் என்றால் உலகத்தை ஒழுங்கில் நிறுத்தும் அறம், நியதி. 'ஒழுங்கைக் குலைத்தவள்' என்று சொல்ல வாய் திறக்கிறவன் அவள் பெயரைச் சொன்னாலே ஒழுங்கைத்தான் சொல்ல வேண்டியிருக்கும். சித்தி குறிப்பேட்டில் அந்த மூன்றையும் வரைந்துகொண்டு, அப்புறம் நாள் முழுக்கச் சுவர்களில் அதையே தேடினார்.

அவள் பலத்தின் வேர் இந்தக் கோயில்தான். கணவன் உயிரோடு இருந்தபோதே அவள் அமுனின் தேவபத்தினி. அந்தப் பதவிக்குத் தனியாக நிலம் உண்டு, வருமானம் உண்டு, ஆட்கள் உண்டு. அவள் குலத்தில் இது புதிதும் அல்ல. அஹ்ஹோதெப், அஹ்மோஸ்-நெஃபெர்தாரி என்று முந்தைய தலைமுறை அரசிகள் நாட்டைத் தாங்கிப் பிடித்தவர்கள். சொபெக்நெஃபெரு என்ற பெண் மன்னனாகவே ஆண்டிருக்கிறாள், அது 300 ஆண்டுக்கு முந்தைய கதை. ஆனால் அவளுக்குப் போட்டியாக வாரிசு யாரும் பக்கத்தில் உட்கார்ந்திருக்கவில்லை.

அந்தக் காலத்து அதிகாரி இநேனி தன் கல்லறையில் எழுதி வைத்திருப்பதைப் பாருங்கள். மகன் தந்தையின் அரியணையில் அமர்ந்தான், தேவபத்தினி ஹத்ஷெப்சுத் நாட்டுக் காரியங்களை நடத்தினாள், எகிப்து தலைகுனிந்து அவளுக்கு உழைத்தது என்கிறான். இது அவள் முடிசூடுவதற்கு முந்தைய நிலை. முழு அரசப் பட்டங்களோடு அவள் தெரிவது 7ஆம் ஆண்டுவாக்கில்.

எந்த 7ஆம் ஆண்டு? துத்மோஸின் 7ஆம் ஆண்டு! அவள் தனக்கென்று புதுக் கணக்குத் தொடங்கவில்லை. பையன் அரியணை ஏறிய நாளிலிருந்து ஓடிய ஆண்டுக் கணக்கையே தன்னுடையதாகவும் வைத்துக்கொண்டாள். அவனை இறக்கவில்லை, சிறையில் போடவில்லை, ஒளித்து வைக்கவில்லை. பக்கத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

இதைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் கர்னக்கின் திறந்தவெளி அருங்காட்சியகத்துக்குப் போக வேண்டும். கூட்டம் அங்கே வருவதில்லை, நல்லது. சிவந்த குவார்ட்சைட் கல்லில் ஒரு சின்ன மண்டபம், செங்கோயில் என்கிறார்கள். அமுனின் படகு தங்குவதற்கு அவள் கட்டியது. நம் ஊரில் உற்சவர் பல்லக்கில் எழுந்தருளுவது போல அமுனும் படகு வடிவப் பல்லக்கில், பூசாரிகளின் தோளில் போவார். அவளுக்குப் பின் இந்த மண்டபத்தைப் பிரித்து, கற்களை வேறு கட்டடங்களுக்குள் நிரப்பிவிட்டார்கள். ஒவ்வொரு கல்லிலும் ஒரு காட்சி தனியாக முடிந்துவிடும்படி செதுக்கியிருந்ததால் எதற்குப் பக்கத்தில் எது என்று தெரியாது, 1990களின் கடைசியில் அதைத் திரும்ப அடுக்கி நிறுத்துவது லேசான வேலையாக இருந்திருக்காது.

ஒரு கல்லின் முன் வெகுநேரம் நின்றேன். முழங்கால் உயரத்தில் இருந்ததால் குத்துக்காலிட்டு உட்கார்ந்துதான் பார்க்க முடிந்தது. இரண்டு மன்னர்கள் முன்னும் பின்னுமாக நடக்கிறார்கள். ஒரே உயரம், ஒரே உடை, ஒரே தாடி. முகத்தைப் பார்த்து யார் யார் என்று சொல்ல முடியாது. பெயரைச் சுற்றி வரைந்த நீள்வட்டத்துக்குள் இருப்பதைப் படித்தால்தான் தெரியும், முன்னால் போகிறது மாத்காரே, பின்னால் வருகிறது துத்மோஸ். சித்தி விரலால் காற்றிலேயே அந்த மூன்று சித்திரத்தையும் தடவிக் காட்டிவிட்டு, "பையன கூடவே கூட்டிட்டுப் போறா, பாரு" என்றார். அவனும் மன்னன்தான், ஆனால் அவளுக்கு அடுத்தவன். அவள் ஆண்ட ரகசியம் முழுவதும் அந்த ஒரு அடி இடைவெளியில் இருப்பதாக எனக்குப் பட்டது. அவனை ஆதரிக்கிறவர்களுக்குக் கலகம் செய்யக் காரணமே கிடைக்காது. அவர்கள் மன்னன் அங்கேதானே நடந்து போகிறான்?

ஒபெலிஸ்கைப் பற்றிச் சொல்லாமல் தூங்க மாட்டேன். அவள் தன் 16ஆம் ஆண்டில் ஒரு ஜோடி நிறுத்தினாள். ஒன்று விழுந்து, அதன் தலைப்பகுதி கோயில் குளத்தருகே இருக்கிறது. மற்றது இன்னும் நிற்கிறது. 29 மீட்டருக்கு மேல், எடை 300 டன்னுக்கு மேல், ஒரே கல். குவாரியில் வெட்டி முடிக்க ஏழு மாதம் என்று அடிப்பீடத்தில் எழுதியிருக்கிறாள். நேற்று அந்த இடித்த தழும்புகளைத் தடவிப் பார்த்துவிட்டு வந்தவளுக்கு 'ஏழு மாதம்' என்பது வெறும் எண்ணாக இல்லை. பொன்னும் வெள்ளியும் கலந்த உலோகத்தைத் தானிய மூட்டை போல அளந்து கொட்டினேன் என்கிறாள். அதே கல்லில்தான், பிற்காலத்தில் இதைப் பார்க்கப்போகிற மக்கள் என்ன பேசுவார்களோ என்று நினைத்தால் என் மனம் இங்கும் அங்கும் அலைகிறது என்றும் சொல்கிறாள். உச்சியில் இருந்த காலத்தில் எழுதிய வரி அது. எனக்குத் தொண்டை அடைத்தது.

நான்காம் நாள், தேர் எல்-பஹ்ரி

விடியற்காலையில் படகேறி நைலின் மேற்குக் கரைக்கு. ஏழு மணிக்கே போய்விட்டோம். செங்குத்தான மலைச்சுவர், அதன் மடியில் மூன்று அடுக்காக வெள்ளைத் தூண் வரிசை. ஜெசெர்-ஜெசெரு, புனிதங்களில் புனிதம் என்று அவள் வைத்த பெயர். ஆண்டுக்கொரு முறை பள்ளத்தாக்குத் திருவிழாவில் அமுன் கர்னக்கிலிருந்து ஆற்றைக் கடந்து இங்கே எழுந்தருளுவார். அவர் வழியைப் பார்த்தபடியே கோயில் நிற்கிறது.

நடு அடுக்கின் வலப்பக்கச் சுவரில் அவள் பிறந்த கதை. நிறைய அழிந்திருக்கிறது, காலை வெயில் பக்கவாட்டில் விழும்போதுதான் கோடுகள் எழுகின்றன. அமுன், முதலாம் துத்மோஸின் உருவத்தில் அஹ்மோஸ் அரசியிடம் வருகிறார். இருவரும் முழங்கால் தொடும்படி எதிரெதிரே உட்கார்ந்திருக்க, இரண்டு தேவதைகள் அடியில் அவர்களைத் தாங்குகிறார்கள். அடுத்த காட்சியில் ஆட்டுத்தலைக் கடவுள் க்னும் குயவர் சக்கரத்தில் ஒரு குழந்தையையும் அதன் ஆன்ம இரட்டையான 'கா'வையும் வனைகிறார். இரண்டுமே ஆண் குழந்தை உருவம். பிறகு பேறுகாலம். நிறைமாத அரசியின் வயிறு மிக லேசாக மேடிட்டிருக்கும் அந்த ஒரு கோட்டை எந்தக் கை செதுக்கியதோ!

நான் கடவுளின் மகள், என் தந்தை தன் அவையின் முன்னாலேயே என்னை வாரிசாக அறிவித்தார். இதுதான் சுவர் சொல்லும் செய்தி. வரலாறாகப் பார்த்தால் நடக்காத கதை, அவள் கணவன்தான் பட்டத்துக்கு வந்தான். ஆனால் நாட்டில் எல்லோரும் நம்பிய மொழியில் அவள் பேசினாள். எழுத்தறிந்தவர் மிகச் சிலரே இருந்த நாட்டில் படமும் திருவிழாவும்தான் அரசாணை.

எழுத்தில் அவள் வேறு விதமாக நடந்துகொண்டாள். படத்தில் தாடி வைத்த ஆண், பக்கத்திலுள்ள வரியில் பெண்பால் விகுதி. எகிப்திய சித்திர எழுத்தைப் படித்தறிந்த ஷாம்போலியோன் 1829இல் இங்கே வந்தபோது இதைப் பார்த்துக் குழம்பிவிட்டார். தமிழ் படிக்கிறவர்களுக்கு அந்தக் குழப்பம் சட்டென்று புரியும். 'மன்னன் வந்தாள்' என்று சுவரெல்லாம் எழுதியிருந்தால் எப்படி இருக்கும்? அப்படித்தான். அவள் பெண் என்பதை ஒருநாளும் மறைக்கவில்லை என்பதற்கு எனக்கு அந்த விகுதி போதும். மன்னன் என்பது ஒரு பதவி, அதற்கென்று ஓர் உடை இருக்கிறது, அதை அணிந்துகொண்டாள்.

இடப்பக்கம் புந்த் நாட்டுப் பயணம். 9ஆம் ஆண்டில், கருவூல அதிகாரி நெஹெசி தலைமையில். ஐந்து கப்பல். அடியில் செங்கடல் மீன்கள், ஒவ்வொன்றும் இனம் கண்டுகொள்ளலாம் போல அத்தனை துல்லியம். கம்பங்களின் மேல் குடிசை, ஏறுவதற்கு ஏணி. தலைவன் பராஹுவும் பருத்த உடம்புக்காரி மனைவி அத்தியும் வரவேற்கிறார்கள். திரும்பும் கப்பல்களில் பொன், தந்தம், கருங்காலி, குரங்குகள். எல்லாவற்றுக்கும் மேலாக நறும்பிசின் மரங்கள், 31, வேரோடு. கூடையில் மண்ணோடு வைத்துத் தோளில் காவடி போலக் கட்டித் தூக்கி வருகிறார்கள். நாற்று வாடக்கூடாது என்ற பதற்றம் அந்தத் தோள்களில் தெரிகிறது.

போரில் வென்று கொள்ளைப் பொருளைக் கோயிலில் கொட்டுவது மற்ற மன்னர்களின் வழி. அவள் காலத்திலும் நூபியாவில் சண்டை நடந்தது. ஆனால் அவள் சுவரில் பெரிதாகப் போட்டுக்கொண்டது வணிகத்தை. அமுன் கோயிலில் தினமும் புகையும் வாசனைக்கு அவளே மூலம் என்றால் பூசாரிகள் யார் பக்கம் நிற்பார்கள்? தலைமைப் பூசாரி ஹபுசெனெப் அவளுடைய ஆள்தான்.

அவள் ஆட்களைப் பொறுக்கி எடுத்த விதத்தையும் சொல்ல வேண்டும். செனென்முத் பெரிய வீட்டுப் பிள்ளை அல்ல. இளவரசி நெஃபெருரேயின் ஆசானாக இருந்து அமுன் கோயிலின் காரியக்காரனாகவும் ஆனவன். குழந்தையைத் தன் மேலாடைக்குள் பொதிந்து, தலை மட்டும் வெளியே தெரிய அவன் உட்கார்ந்திருக்கும் சிலைகள் உண்டு. மேலடுக்கில் சிறு மாடங்களின் கதவுக்குப் பின்னால், கதவு திறந்தால் மறைந்துவிடும் இடத்தில், தன் உருவத்தைச் செதுக்கி வைத்திருக்கிறான். அவனைப் போன்றவர்களுக்கு அவள் இருந்தால்தான் வாழ்வு. அப்படிப்பட்டவர்களின் விசுவாசம் பிரபுக்களின் விசுவாசத்தைவிட உறுதியானது. அவனும் அவளும் காதலர் என்று ஊர் பேசும் கதையைச் சித்தி காதிலேயே வாங்கவில்லை. "ஒரு பொம்பள நல்லா ஆண்டா, பின்னால ஒரு ஆம்பளையத் தேடுவாங்க" என்று கோபப்பட்டார். எனக்கும் அதே கோபம்தான்.

ஐந்தாம் நாள், மன்னர்களின் பள்ளத்தாக்கு

தேர் எல்-பஹ்ரியின் மலைக்கு மறுபுறம்தான் இது. அவளுடைய கல்லறை பொதுமக்களுக்குத் திறப்பதில்லை. 200 மீட்டருக்கு மேல் வளைந்து வளைந்து பூமிக்குள் இறங்கும் குடைவு. தந்தையின் உடலையும் அங்கே கொண்டுவந்து தன்னோடு வைத்துக்கொள்ள ஏற்பாடு செய்தாள். யாருடைய மகள் என்பதைச் சாவிலும் நிலைநாட்ட நினைத்தவள்.

நாங்கள் போனது மூன்றாம் துத்மோஸின் கல்லறைக்கு. பாறைப் பிளவில் இரும்புப் படிக்கட்டு செங்குத்தாக ஏறி, பிறகு உள்ளே இறங்குகிறது. சித்திக்கு முழங்கால் வலி. பாதியில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டு, "இவனையும் பாக்காம போனா கணக்கு முடியாது" என்று எழுந்தார். உள்ளே அறை முட்டை வடிவம். சுவரில் பாப்பிரஸ் ஏட்டை விரித்து ஒட்டியது போலக் கோட்டுருவங்கள். ஒரு தூணில் ஒரு மரம், மரத்துக்குக் கை முளைத்து மார்பு முளைத்து மன்னனுக்குப் பால் கொடுக்கிறது. 'அவன் தாய் இசிஸ்' என்று எழுதியிருக்கிறது. அது தேவியின் பெயர், அவனைப் பெற்றவளின் பெயரும் அதுதான்.

சுவர்களிலிருந்து ஹத்ஷெப்சுத்தைக் கொத்தி எடுக்கச் சொன்னவன் இவன்தான். வெறுப்பு முற்றிச் செய்தான் என்று நெடுநாள் எழுதினார்கள். ஆனால் அவள் இறந்த உடனே அவன் அதைச் செய்யவில்லை. கி.மு. 1458 வாக்கில் அவள் இறந்தாள். அவன் உடனே படையோடு கானான் நாட்டு மெகித்தோ நகருக்குப் புறப்பட்டுப் போனான். செங்கோயிலின் மிச்ச வேலையை அவனே முடித்தான். கொத்தி எடுத்தது ஏறத்தாழ 20 ஆண்டு கழித்து, கிழவனான பிறகு. தன் மகன் இரண்டாம் அமென்ஹோதெப் பட்டத்துக்கு வரும்போது எந்தக் கிளையிலிருந்தும் கேள்வி எழக்கூடாது என்று பயந்திருப்பான் என்றே எனக்கும் தோன்றுகிறது. அவளுடைய அரசி வடிவங்களைப் பெரும்பாலும் விட்டுவிட்டு, மன்னன் வடிவங்களைத்தான் தேடித் தேடி அழித்தான். அவள் வாழ்ந்ததில் அவனுக்குச் சங்கடமில்லை, ஆண்டதில்தான் சங்கடம்.

அவளுடைய பிற்காலத்தில் படை அவன் கையில் இருந்ததாகவே தெரிகிறது. நினைத்திருந்தால் எழுந்திருக்கலாம். எழவில்லை. இந்த இடத்துக்கு வந்து நிற்கும்போதெல்லாம் அவளை நினைப்பதைவிட அவனை நினைத்துத்தான் அதிக நேரம் போகிறது.

கோயிலிலிருந்து உடைத்து எறிந்த அவள் சிலைகளை 1920களில் தொல்லியலாளர் வின்லாக்கின் குழு கோயிலுக்கு முன்னாலிருந்த பள்ளங்களிலிருந்து துண்டு துண்டாக எடுத்து ஒட்டியது. கர்னக் ஒபெலிஸ்கின் அடிப்பாகத்தைச் சுற்றிச் சுவர் எழுப்பி மறைத்தார்கள். மறைத்த பகுதி வெயிலும் கையும் படாமல் தப்பித்தது.

ஆறாம் நாள், மறுபடி கெய்ரோ

ஃபுஸ்தாத்தில் உள்ள தேசிய நாகரிக அருங்காட்சியகம். 2021 ஏப்ரலில் 22 அரச மம்மிகளை ஊர்வலமாக இங்கே கொண்டுவந்தார்கள், அதில் அவளும் ஒருத்தி. இருட்டறை, புகைப்படம் கூடாது, யாரும் சத்தம் போடுவதில்லை.

1903இல் தொல்லியலாளர் ஹவார்ட் கார்ட்டர் ஒரு சின்னக் கல்லறையில் பார்த்துவிட்டு அப்படியே மூடிவிட்டுப் போன இரண்டு பெண் உடல்களில் ஒன்று இது. 2007இல் எகிப்தியத் தொல்லியலாளர் சாஹி ஹவாஸ் குழு, அவள் பெயர் பொறித்த ஒரு மரப்பெட்டியை ஸ்கேன் செய்து உள்ளே ஒரு கடைவாய்ப் பல்லைக் கண்டது. அது இந்த உடலின் தாடையில் உள்ள இடைவெளிக்குப் பொருந்துகிறது என்று அறிவித்தார்கள். ஏற்காத ஆய்வாளர்களும் இருக்கிறார்கள். நான் ஏற்கிற பக்கம் சாய்ந்துவிட்டேன், அந்தக் கண்ணாடிப் பேழைக்கு முன்னால் நின்றதுதான் காரணம் என்பதையும் மறைக்கவில்லை. ஐம்பதை ஒட்டிய வயது, பருத்த உடம்பு, மோசமான பற்கள். இடது கை மடங்கி மார்பின் மேல் இருக்கிறது, விரல்கள் எதையோ பிடித்திருந்தது போல.

சித்தி வெகுநேரம் நின்றார். எதுவும் பேசவில்லை. வெளியே வந்து, மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்து, குறிப்பேட்டை எடுத்து இன்றைய தேதிக்குக் கீழே அந்த மூன்று சித்திரத்தையும் வரைந்தார். வட்டம், உட்கார்ந்த தேவி, தூக்கிய கைகள். மூடப் போனவர் மறுபடி திறந்தார்.

"இறகை விட்டுட்டேன்டி" என்று சொல்லி, தேவியின் தலையில் அதையும் போட்டார்.